ஐஸ் பேக்டரிக் கிழவனும் தம்பியின் இடக்கையும்

முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு பிணமாவது விழவில்லை என்றால் எனக்குப் படத்தில் தூக்கம் வந்துவிடும். இதைச் சொன்னால் எங்கள் பசியாவரத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்களுக்கு அழுகை சீரியல் போதும். எனக்கு வெட்டு, குத்து, ரத்தம். காலையில் படகேறி பழவேற்காடு போய், ஒரு கூடை இறாலுக்காக வியாபாரிகளோடு தொண்டை கிழியக் கத்தி, நண்டு கிழித்த விரல்களோடு வீடு திரும்புகிறவளுக்கு, இரண்டு பேர் பூங்காவில் கைகோத்து நடப்பதைப் பார்க்க ஏது பொறுமை?

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. உள்ளே கொதிக்கும் ஆத்திரத்தைத் திரையில் இருக்கிறவன் நமக்குப் பதிலாகத் தீர்த்துவிடுவான் என்பதுதான் அது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கூலி வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ஒருநாள் என் மேல் சோற்றுத் தட்டை வீசினார். நான் பதிலுக்குக் கரண்டியைத் தூக்காமல் நேரே பொன்னேரி சினிமாக் கொட்டகைக்கு பஸ் ஏறினேன். அந்தப் படத்தில் ஒரு குடும்பமே வெட்டுப்பட்டது. திரும்பி வந்து அவருக்கு மீன் குழம்பில் ஒரு துண்டு கூடவே போட்டேன். அவர்தான் பயந்துபோய்ச் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் தம்பியையும் படத்துக்கு அழைத்துப் போனேன்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் பழவேற்காட்டு ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடங்களில் எந்த நாளில் எந்த ஊர் வலை கட்டலாம் என்று முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். அந்த வருடம் எங்கள் முறை வந்த நாளில் காற்றும் மழையும் சுழற்றி அடித்ததில் ஒரு படகும் கிளம்பவில்லை. போன நாளுக்குப் பதிலாக மறுநாள் வலை கட்டுவோம் என்றார்கள் எங்கள் ஆட்கள். போன நாள் போனதுதான், இன்றைக்கு எங்கள் முறை என்றார்கள் எதிர்க்கரை ஊர்க்காரர்கள். சாயங்காலம் முகத்துவாரத்துப் பக்கம் இரண்டு ஊர்ப் படகுகளும் ஒரே இடத்தில் போய் நின்றன.

ஏரிச் சண்டைக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. படகு தள்ளும் கழியால் அடிக்கலாம், துடுப்பால் அடிக்கலாம், தண்ணீரில் பிடித்து அமுக்கலாம். மண்டை உடையும், பல் போகும், யாரும் போலீசுக்குப் போக மாட்டார்கள். இடுப்பில் இருக்கும் கத்தியை மட்டும் எடுக்கக் கூடாது. அந்தக் கத்தி வலைக்கு, மனுசனுக்கு இல்லை. எங்கள் நைனா காலத்திலும் இதுதான் வழக்கம்.

தம்பியைக் கரைக்குக் கொண்டுவந்தபோது படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போல இருந்தது. அவன் அதில் மல்லாந்து கிடந்தான். மண்டை பிளந்து காதுக்குப் பின்னால் தோல் தொங்கியது. அதைவிட மோசம் வலக்கை. ஆள்காட்டி விரலிலிருந்து மூன்று விரல்களுக்குக் குறுக்கே ஒரே கோடாக அறுபட்டு, உள்ளே வெள்ளையாக நரம்பு தெரிந்தது. நான் மீன் அறுக்கிறவள், ரத்தம் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் சொன்னது இதுதான்.

"கழியால மண்டையில போட்டான்க்கா. தண்ணில உழுந்துட்டேன். நம்ம வலையே சுத்திக்கிச்சி. மேல பாக்குறேன், கத்தியோட குதிக்கிறான். கைய நீட்டித் தடுத்தேன். அறுத்துட்டான்."

எங்கள் ஆட்கள் அவனை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்ததால் உயிர் தப்பியது. மறுநாள் போய் வலையை எடுத்தார்கள். அதுவும் தாறுமாறாகக் கிழிந்து கிடந்தது. கையையும் அறுத்து, வலையையும் அறுத்திருக்கிறான் பாவி என்று ஊரே காறித் துப்பியது. எங்களிடத்தில் ஒருத்தன் வலையை அறுப்பது அவன் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். இந்த ஆள் கத்தியையும் எடுத்து, வலையையும் அறுத்திருந்தான்.

அறுத்தவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும். எதிர்க்கரை ஊரில் நெடுநெடு என்று வளர்ந்த ஒருத்தன், தம்பியைவிட நாலைந்து வயது மூத்தவன். பழவேற்காட்டு மார்க்கெட்டில் என்னிடமே நண்டு பேரம் பேசியிருக்கிறான்.

மண்டை ஆறியது, விரல்கள் ஆறவில்லை. தையல் பிரித்த பிறகும் மூன்றும் மடங்காமல் குச்சி குச்சியாக நின்றன. வலை இழுக்கிறவனுக்கு விரல் மடங்கவில்லை என்றால் என்ன மிச்சம்? படகில் உட்கார்ந்து தண்ணீர் இறைக்கிற வேலைதான் கொடுத்தார்கள்.

"மண்ட ஒடஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலக்கா. சண்டைனா ஒடையத்தான் செய்யும். கத்திய எடுத்தான் பாரு, அத்த உட மாட்டேன். அவன் கைய எடுக்காம எனக்குச் சோறு எறங்காது" என்றான் தம்பி.

எடுத்துவிடுவான் என்றுதான் எனக்கும் தோன்றியது. வீட்டுக்குப் பின்னால் வேலிக்கருவை மண்டிக் கிடக்கும். தினமும் சாயங்காலம் அங்கே போய் நின்று, இடுப்பிலிருந்து இடக்கையால் கத்தியை உருவுவான், ஒரு கிளையைச் சீவுவான், கத்தியைச் செருகுவான், மறுபடி உருவுவான். முதலில் தடுமாறினான், கத்தி கீழே விழுந்தது. பிறகு விழுவது நின்றது. பிறகு உருவுவதே கண்ணுக்குத் தெரியாமல் போனது. புதர் மொட்டையாகிக்கொண்டே வந்தது.

அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, அவரு வெட்டுனா ஜெயிலு. அவனுங்க திருப்பி வெட்டுனா நான் தாலியறுத்தவ. ரெண்டுல ஒண்ணு நிச்சயம். நீங்க ஏதாச்சும் பண்ணுங்க அண்ணி" என்று அழுதாள். எனக்கு என்ன பண்ணத் தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரே மருந்து சினிமாதான்.

நல்ல வேளையாக அந்த வாரம்தான் ஒரு பழைய நடிகரின் படம் வந்திருந்தது. நான் பாவாடை சட்டை போட்டிருந்த காலத்தில் அவர் கதாநாயகியைத் துரத்திக்கொண்டு தென்னந்தோப்பில் ஓடியவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். தாடி முழுக்க வெள்ளை. இனி தாத்தா வேஷம் கட்டி ஆசீர்வாதம் பண்ணுவார் என்று எல்லோரும் நினைத்தபோது, தானே இயக்கி, தானே கொலைகாரனாக நடித்து ஒரு படம் எடுத்துவிட்டார். மகனைக் கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தேடித் தீர்த்துக்கட்டும் ஐஸ் பேக்டரி முதலாளி கதை. பிணம் எங்கே போகிறது என்று போலீஸ் மண்டை காய்ந்து அலையும். போஸ்டரில் ஒரு பெரிய ஐஸ் பாளத்துக்குள் ஒரு கை தெரிந்தது. இதைவிட எனக்கு என்ன அழைப்பு வேண்டும்?

தம்பி முதலில் மறுத்தான். "ஒரு கொலைய ஒழுங்கா பாத்துட்டு வந்து அப்புறம் உன் கொலையப் பண்ணுடா" என்று இழுத்துக்கொண்டு போனேன். கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொன்னதை மட்டும் அவன் கேட்கவில்லை.

"வலைக்காரன் இடுப்புல கத்தி இல்லாம எங்கக்கா போவான்?"

படகில் பழவேற்காடு, பஸ்ஸில் பொன்னேரி. மதியக் காட்சி. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பேசி முடிக்கும்வரை அந்த இடத்தில் யாரும் வலை கட்டக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்ததால், ஏரிக்கரை ஆண்கள் பாதிப் பேர் வேலையில்லாமல் கொட்டகையில்தான் கிடந்தார்கள். உள்ளே நுழைந்ததும் உப்பும் சேறும் கலந்த எங்கள் வாசனை மூக்கில் ஏறியது.

படம் என்றால் அது படம். ஏழாவது நிமிடமோ எட்டாவது நிமிடமோ, ஐஸ் பாளம் இழுக்கும் கொக்கி ஒருத்தன் தாடைக்குக் கீழே ஏறி வாய் வழியாக வெளியே வந்தது. கொட்டகை கூரை பறக்க விசில். நானும் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினேன். கிழவர் என்ன செய்தார் தெரியுமா? கொன்று முடித்ததும் மூச்சு வாங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். கோலி சோடா உடைத்துக் குடித்தார். ஏப்பம் விட்டார். அப்புறம்தான் பிணத்தைப் பார்த்தார். எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்துவிட்டது. வாலிபப் பையன்கள் நூறு பேரை அடித்துவிட்டுத் தலைமுடி கலையாமல் நிற்பார்கள். இந்த மனுசனுக்குக் கொலை செய்தால் கால் வலிக்கிறது. எழுபது வயதில் ஒரு ஆளைக் கொல்வது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்து எடுத்திருக்கிறார்.

இரண்டாவது ஆள் ஐஸ் உடைக்கும் மெஷினுக்குள் தோள்வரை போனான். வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்த ஐஸ் தூள் கொஞ்சம் கொஞ்சமாக ரோஸ் நிறமாகி, பிறகு சிவப்பாகி, கூடை நிறைந்தது. அந்தக் கூடையில் மீன் அடுக்கி லாரி ஏற்றினார்கள். பின்னால் ஒருத்தன், "நாளைக்கு மீனு வாங்குறவன் கெட்டான்" என்று கத்தினான். வயிறு வலிக்கச் சிரித்தேன். என் ஆத்திரம் எல்லாம் அந்தக் கூடையோடு போய்விட்டது மாதிரி இருந்தது.

தம்பிக்கும் போயிருக்கும் என்று ஆசையோடு திரும்பிப் பார்த்தேன். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு தலை மற்றத் தலைகளுக்கு மேலே உயரமாகத் தெரிந்தது. அந்த எதிர்க்கரை நெடுமரம். தனியாக வந்திருந்தான். அவன் பிடரியைத்தான் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாடா, வூட்டுக்குப் போலாம், எனக்குத் தல வலிக்கிது" என்றேன்.

"படம் நல்லா கீதுக்கா. உக்காரு" என்றான். குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை.

இடைவேளையில் அவன் எழவில்லை, அந்த ஆளும் எழவில்லை. நான் தம்பியின் சட்டை முனையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு திரையில் ஒருத்தனைக் கழுத்தை அறுத்தார்கள். கொட்டகை ஆர்ப்பரித்தது. எனக்கு விசில் வரவில்லை. அந்தத் தொண்டையிலிருந்து பீறிட்டதை நான் முன்னால் இருந்த பிடரியில் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கொலைப்படம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

கடைசி எதிரியைக் கிழவர் படகில் ஏற்றி நடுத்தண்ணிக்குக் கொண்டுபோனார். கொக்கியும் இல்லை, கத்தியும் இல்லை. ஒரு பழைய நைலான் வலையை அவன் மேல் போட்டார். சுற்றிச் சுற்றி இறுக்கி, படகை ஒரு பக்கம் சாய்த்து, காலால் தள்ளிவிட்டார். கேமரா அவனோடு தண்ணீருக்குள் போனது. அவன் உதறினான். உதற உதற வலை இறுகியது. கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. வாயிலிருந்து குமிழ் குமிழாக மேலே போனது. இயக்குநர் அவசரப்படவே இல்லை. பாட்டு இல்லை, சத்தம் இல்லை. அந்த ஆள் சாவதை அப்படியே காட்டிக்கொண்டிருந்தார்.

பொன்னேரிக்காரர்கள் கைதட்டினார்கள். எங்கள் ஏரிக்காரர்கள் ஒருத்தரும் தட்டவில்லை. அதுவரை ஊளையிட்டவர்கள் எல்லாம் அடங்கிப்போனார்கள். அப்படிச் செத்தவன் ஒருத்தனாவது எங்களில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறான். என் மாமனாரை வலையோடுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

முன்னால் அந்த நெடுமரம் எழுந்துவிட்டான்.

"அறுங்கடா! வலைய அறுங்கடா! கைப்பக்கம் மொதல்ல! கை வெளிய வந்துட்டா பொழச்சிப்பான்!"

தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. திரை வெளிச்சத்தில் அவன் நிழலாக நின்றான். குனிந்து, இடக்கையை நீட்டி, இல்லாத வலையைப் பற்றித் தூக்கினான். வலக்கை இடுப்புக்குப் போய்த் திரும்பி வந்து, அந்தக் கைக்குக் கீழே வேக வேகமாக அறுத்தது. சுற்றியிருந்த பொன்னேரிப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் பக்கமிருந்து வேறு யாரோ, "அறு, அறு" என்று அழுகிற குரலில் கத்தினார்கள்.

என் கையில் சுருட்டியிருந்த சட்டை இழுபட்டது. தம்பி எழுந்து நடந்தான். நான் சட்டையை விடாமல், நாற்காலிகளில் இடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவன் போய் அந்த ஆள் முன்னால் நின்று, வலக்கையை அவன் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். மூன்று விரல்களும் விறைத்துக்கொண்டு நின்றன.

"அன்னிக்கும் இப்டித்தான் குனிஞ்சியா?"

அந்த ஆள் கையைப் பார்த்தான், பிறகு தம்பியைப் பார்த்தான்.

"நீ மேல வரல. நான் அடிச்சி நீ உள்ள போய்ட்ட, மேல வரல. கைப்பக்கம் அறுத்தேன். தண்ணி கலங்கிக் கெடந்துச்சி, ரத்தம் வேற. எது கண்ணி, எது வெரலுனு தெரியல."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நம்புவியா? கத்திய எடுத்தது நெசந்தான. உன் வலைய அறுத்ததும் நெசந்தான."

தம்பியின் இடக்கை அசைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பலகையில் தேங்காய் மோதியது மாதிரி ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் நெடுமரம் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தான். மூக்கு கோணி, ரத்தம் உதட்டில் இறங்கி, வெள்ளைச் சட்டையில் கொட்டியது. தம்பியின் இடக்கை முஷ்டியாக இருந்தது. கத்தி இடுப்பிலேயே இருந்தது.

"இது மண்டைக்கி" என்றான் தம்பி. "கைக்கி இல்ல."

இரண்டு ஊர் ஆட்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தன் நாற்காலியைப் பிடுங்கினான். கீழே கிடந்த ஆள் கையை உயர்த்தி அவர்களை உட்காரச் சொன்னான். புறங்கையால் மூக்கைத் துடைத்து, ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்றான். அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒரு பொன்னேரிக்காரர், "யோவ், உக்காருங்கய்யா, படம் தெரில!" என்று கத்தினார்.

கிழவர் கடைசியில் மாட்டினாரா, தப்பினாரா, மறுபடி சோடா குடித்தாரா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை எனக்கு அதில் வருத்தம்தான். அப்படி ஒரு படத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பாவம் இந்தத் தம்பியால்தான்.

பழவேற்காட்டில் படகு ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவன் உடைந்தான். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, "பொழைக்க வெச்சவன வெட்ட இருந்தேன்க்கா. தெனமும் பழகிட்டு இருந்தேன்க்கா" என்று தேம்பினான். நான் அவன் தலையில் கை வைத்தேன். தையல் போட்ட இடம் மேடு தட்டி விரலில் தட்டுப்பட்டது. என் தம்பி உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறான் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

சினிமாவாக இருந்தால் அவன் கத்தியை உருவி ஏரியில் வீசியிருப்பான், பின்னணியில் வயலின் வாசித்திருப்பார்கள். அவன் வீசவில்லை. பாதி வழியில் மோட்டார் இருமி நின்றது. யாரோ வீசியெறிந்த கிழிசல் வலை ஒன்று தண்ணீருக்குள் சுழலும் மோட்டார் விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. படகுக்காரர் திட்டிக்கொண்டே எழுவதற்குள் தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்பக்கம் போய்க் கவிழ்ந்து படுத்து, தண்ணீருக்குள் கையை விட்டான். மடங்காத மூன்று விரல்களும் படகு விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தன. இடக்கைதான் வேலை செய்தது. உருவியதும் தெரியவில்லை, அறுத்ததும் தெரியவில்லை. கண்ணிகள் ஒவ்வொன்றாக அறுந்து மிதந்தன. விசிறியில் ஒரு கீறல்கூட இல்லை.

ஒரு மனுசனை வெட்டுவதற்காகப் பழகிய கை அது. இவ்வளவு சுத்தமாகப் பழகியிருக்கிறான் என்று அப்போதுதான் பார்த்தேன். மோட்டார் பிடித்துக்கொண்டது. தம்பி கத்தியைச் சட்டையில் துடைத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டான்.